மீனின் கண்ணைப் பார்க்கும் முன் ஐஸைப் பாருங்கள்: வடசென்னைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் புதிதாகக் குடிவந்து, முதல்முறையாகத் தானே சமைத்துச் சாப்பிட ஆரம்பிக்கிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். “காசிமேட்டு மீன்ல ஃபார்மலின் இருக்குமாமே அக்கா, வாங்கலாமா?” காசிமேடு எங்கள் ஊர் மீன்பிடித் துறைமுகம். ஃபார்மலின், பிணத்தைக் கெடாமல் வைக்கும் மருந்து.

நான் பிறந்தது ராயபுரத்தில். உணவுப் பரிசோதனை ஆய்வகம் ஒன்றில் மாதிரிகளை வாங்கிப் பதிவு செய்யும் மேசையில் பல வருடம் உட்கார்ந்திருந்தேன். விஞ்ஞானி இல்லை. ஆனால் ஜனங்கள் எதைக் கண்டு பயந்து எதைக் கொண்டுவருகிறார்கள், உள்ளேயிருந்து என்ன முடிவு வெளியே போகிறது என்று இரண்டு பக்கமும் பார்த்தவள். பயம் ஒரு பக்கம் போகும், முடிவு இன்னொரு பக்கம் போகும். அந்த இடைவெளிக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஃபார்மலினைப் பற்றிக் கேட்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி, “இந்த மீன் எவ்வளவு நேரம் ஐஸ் இல்லாமல் கிடந்தது?” என்பதுதான்.

முதல் படி: பயத்தைப் பிரித்து வையுங்கள்

சாப்பாட்டில் வரும் கேடு மூன்று தினுசு. ஒன்று கிருமி. இன்று சாப்பிட்டால் இன்றோ நாளையோ வயிற்றைப் புரட்டும். இரண்டாவது, கிருமியோ பூஞ்சையோ விட்டுப்போகும் நஞ்சு. கிருமியைக் கொதிக்கவைத்துக் கொன்றாலும் இந்த நஞ்சு தட்டில் மிஞ்சும். மூன்றாவது ஈயம், பாதரசம், காட்மியம், தடைசெய்யப்பட்ட சாயம் மாதிரியானவை. இவை ஒரு வேளைச் சாப்பாட்டில் ஒன்றும் காட்டாது. வருடக்கணக்கில் உடம்பில் சேரும். இவை போக ‘கலப்படம்’ என்று நாம் சொல்வது, யாரோ காசுக்காக வேண்டுமென்றே சேர்ப்பது. மூன்று தினுசிலும் கலப்படம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

இந்தப் பிரிவினை ஏன் முக்கியம் என்பதற்கு, பாலை வைத்து ஒரு கணக்கு. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2018இல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்து, 2019இல் முடிவை வெளியிட்டது. யூரியா, சோப்பு என்று ஊரே பேசுகிறதே, அந்த மாதிரி உடம்புக்கு ஆகாத கலப்படம் இருந்தது வெறும் 12 மாதிரிகளில். ஆனால் அஃப்ளடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நஞ்சு வரம்பைத் தாண்டியிருந்தது 368இல். அதிலும் தமிழ்நாடுதான் முன்னணி: இங்கே எடுத்த 551இல் 88. பால்காரர் ஒன்றும் கலக்கவில்லை. மாடு தின்ற பிண்ணாக்கிலும் தீவனத்திலும் பூசணம் பிடித்திருந்தது, அது மாட்டின் வழியாகப் பாலில் இறங்கியது, அவ்வளவுதான். நாம் வாசலில், பாலில் தண்ணீர் கலந்ததா என்று பார்க்கும் லாக்டோமீட்டரும் கையுமாக நிற்கிறோம். கேடு மாட்டுத் தொட்டியில் இருக்கிறது. காய்ச்சினாலும் இது போகாது. வீட்டில் உங்களால் செய்யக்கூடியது ஒன்றும் பெரிதாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வகமும் அரசும் தீவனத்தைப் பிடித்தால்தான் உண்டு.

இரண்டாம் படி: மீன்

இதற்குத்தான் இடம் அதிகம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். வடசென்னையில் இருந்துகொண்டு மீனைச் சுருக்கமாகப் பேச முடியாது.

காசிமேட்டுக்கு விடியற்காலையில் போங்கள். விசைப்படகு என்றால் ஒரே நாளில் திரும்பிய மீன் என்று நினைக்காதீர்கள். பல நாள் கடலில் தங்கி, கிடங்கில் ஐஸ் போட்டு அடுக்கிக்கொண்டு வருவார்கள். ஃபைபர் படகு கரைக்கு அருகே போய் அன்றைக்கே திரும்பும். இரண்டுமே நல்ல மீனாக இருக்கலாம். பல நாள் ஐஸில் இருந்த வஞ்சிரம், இரண்டு மணி நேரம் வெயிலில் கிடந்த அன்றைய கானாங்கத்தையை விட மேல். ஏலம் முடிந்து கூடைக்கு வந்து, கூடையிலிருந்து தெருமுனைக்கு வந்து, வெயில் ஏறிய பிறகு தண்ணீர் மட்டும் தெளித்துக்கொண்டிருக்கும் மீன்தான் சிக்கல்.

ஏன் கானாங்கத்தையைச் சொன்னேன் என்றால், அது என் சொந்தக் கதை. கல்லூரி முடித்த புதிதில் ஒருநாள் மதியம் இரண்டு மணிக்கு, மலிவாகக் கிடைக்கிறதே என்று தெருவில் ஒரு கிலோ வாங்கி வந்தேன். குழம்பு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நாக்கில் மிளகைக் கடித்த மாதிரி ஒரு சுருக். அரை மணியில் முகம், கழுத்து, காது எல்லாம் சிவந்து கொதித்தது, மண்டை இடித்தது, கை முழுக்கத் தடிப்பு. பக்கத்து கிளினிக்கில் “உனக்கு மீன் ஒத்துக்காதும்மா, இனிமே தொடாதே” என்று சொல்லி ஊசி போட்டார்கள். ராயபுரத்தில் பிறந்தவளுக்கு மீன் ஒத்துக்கொள்ளாதாம். ஒன்றரை வருடம் மீன் தொடாமல் இருந்தேன்.

ஆய்வகத்துக்கு வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அது ஒவ்வாமை இல்லை, ஹிஸ்டமின் நஞ்சு. கானாங்கத்தை, சூரை, மத்தி மாதிரி கருஞ்சதை உள்ள மீன்களில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஏராளம். மீன் சூட்டில் கிடந்தால் சில பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். நமக்கு ஒவ்வாமை வரும்போது உடம்பே சுரக்கிற அதே பொருள்தான். அதனால்தான் பார்வைக்கு ஒவ்வாமை மாதிரியே இருக்கும். கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் புளி எவ்வளவு ஊற்றினாலும் ஹிஸ்டமின் அழியாது. ஃப்ரீசரில் போட்டாலும் ஏற்கெனவே உருவானது அப்படியே இருக்கும். மீனில் நாற்றம்கூட வந்திருக்காது. வழி ஒன்றுதான்: பிடித்த நிமிடத்திலிருந்து சட்டிக்குப் போகும்வரை ஐஸ். 4 டிகிரிக்குக் கீழே இருந்தால் இந்தப் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை அடங்கிக் கிடக்கும்.

அதனால் சந்தைக்குப் போனால் செய்யவேண்டியது இது. கையோடு ஒரு தெர்மோகோல் பெட்டியோ தடித்த பையோ எடுத்துப் போங்கள். முதலில் கூடையின் அடியைப் பாருங்கள்: மீனுக்கு மேலும் கீழும் ஐஸ் இருக்கிறதா, அல்லது மேலே நாலு துண்டு அலங்காரமா? நான் வழக்கமாக வாங்கும் ஆயா முதல்நாளே என்னைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னாம்மா, டாக்டர் கணக்கா செவுளைப் பொரட்டிப் பொரட்டிப் பாக்குற?”

“ஐஸ் எப்ப போட்டது ஆயா?”

“ஆங், அத்தக் கேளு! செவுளு எல்லாரும் பாப்பாங்க. ஐஸு எவனும் கேக்க மாட்டான்.”

கூடைக்குள் கையை விட்டுப் பார்க்கச் சொன்னார். அடிவரைக்கும் விரல் மரத்தது. அன்றிலிருந்து அவர்தான் என் மீன்காரர்.

ஐஸுக்குப் பிறகு கண். கண் புடைத்து, தெளிவாக, கருமணி கருப்பாக இருக்கவேண்டும். குழி விழுந்து பால் படிந்த மாதிரி இருந்தால் நாளாகிவிட்டது. சதையை விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே எழும்பவேண்டும். செவுள் சிவப்பு நல்ல அடையாளம்தான், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் குடல், செவுள் எடுத்துக் கழுவி, உடனே சமைக்காவிட்டால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இல்லை, ஃப்ரீசருக்கு அனுப்புங்கள்.

சுறா, திருக்கை வாங்கும்போது மட்டும் ஒரு விதிவிலக்கு. சிறுநீர் வாடை மாதிரி அம்மோனியா நெடி அடிக்கும். அவற்றின் சதையிலேயே யூரியா உண்டு. கடலின் உப்பைத் தாக்குப்பிடிக்க அவை வைத்திருக்கும் ஏற்பாடு அது. செத்த பிறகு பாக்டீரியா அந்த யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும். லேசான நெடியைப் பார்த்து “மருந்து போட்டுட்டாங்க” என்று சண்டைக்குப் போகாதீர்கள். ஆனால் கண்ணைக் கரிக்கிற அளவுக்கு அடித்தால் பழைய சரக்கு, விட்டுவிடுங்கள்.

இப்போது ஃபார்மலின். ஃபார்மால்டிஹைடு வாயுவைத் தண்ணீரில் 37 முதல் 40 சதவீதம் கரைத்தது ஃபார்மலின். பிணவறையிலும் உடற்கூறியல் வகுப்பிலும் பயன்படுவது. மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. முக்கியமாக மூச்சில் இழுப்பதை வைத்து. மீனில் போடுவது சட்டவிரோதம். 2018இல் கேரள எல்லையில் பிடிபட்ட லாரிகளால்தான் இந்தப் பேச்சு இங்கேயும் பற்றிக்கொண்டது. அதே வருடம் கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஒரு காகிதப் பட்டையைக் கொண்டுவந்தது. மீன்மேல் தேய்த்து, கூட வரும் மருந்தில் ஒரு சொட்டு விட்டால் போதும். நீலம் வந்தால் சந்தேகம்.

சந்தேகம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், மீனுக்குள்ளேயே கொஞ்சம் ஃபார்மால்டிஹைடு இயற்கையாக உண்டாகும். கடல்மீன் சதையில் உள்ள ட்ரைமெத்திலமின் ஆக்சைடு என்ற பொருள் உடையும்போது வருவது அது. தண்ணிப்பன்னா மாதிரி சில மீன்களில், அதுவும் ஐஸ்கட்டியாக உறையவைத்து நாளானால், கூடவே வரும். அதனால் பட்டை காட்டுவதை ஆய்வகம் அளந்து சொன்னால்தான் தீர்ப்பு. ஈ மொய்க்கவில்லை, மீன் விறைப்பாக இருக்கிறது என்பதை வைத்தெல்லாம் ஃபார்மலின் என்று முடிவு கட்டாதீர்கள். நல்ல ஐஸில் இருக்கும் மீனும் விறைப்பாகத்தான் இருக்கும்.

எந்த மாதத்தில் கூடுதலாக உஷாராக இருக்கவேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு போகாது. அந்த நாட்களில் கூடையில் வஞ்சிரம் குவிந்திருந்தால் அது வெளியூரிலிருந்து லாரியில் வந்தது, அல்லது குளிர்கிடங்கிலிருந்து வந்தது. தூரம் கூடினால் ஐஸும் நேரமும் சந்தேகத்துக்குரியவை. அப்போது கரையோர ஃபைபர் படகு கொண்டுவரும் சின்ன மீன்களைத் தேடுங்கள்: நெத்திலி, கிழங்கான், மடவை. விலை ஏறியிருக்கும், என்ன செய்வது.

சின்ன மீனுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, பாதரசம். கடலில் சேரும் பாதரசத்தைப் பாக்டீரியா மெத்தில் பாதரசமாக மாற்றுகிறது. சின்ன மீனைப் பெரிய மீன் தின்ன, அதை அதைவிடப் பெரியது தின்ன, மேலே போகப் போகச் செறிவு ஏறும். சதையின் புரதத்தோடு ஒட்டியிருப்பதால் கழுவினாலோ கொதித்தாலோ போகாது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளிச்சத்துக்கு வந்த நரம்பு நோய் இதனால் வந்ததுதான். அங்கே ஆலைக்கழிவு கொட்டிய விரிகுடா. நம் ஊர் நிலைமை அது இல்லை. ஆனாலும் கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் சுறா, பெரிய சூரை, மயில் மீன் மாதிரியானவற்றை விட்டுவிட்டு நெத்திலி, மத்தி சாப்பிடுவது நல்லது. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கட்டாயம் என்று சொல்லும் அத்தைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். எனக்கு அந்தத் தைரியம் வந்ததில்லை. பால்சுறாக் குட்டியாகப் பார்த்து வாங்கிக் கொடுத்து ஒப்பேற்றினேன். குட்டிக்கு வயசு குறைவு, சேர்ந்ததும் குறைவு.

மூன்றாம் படி: எண்ணூர்ப் பக்கத்துச் சரக்கு

இதைத் தனியாகச் சொல்லித்தான் ஆகவேண்டும். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர்க் கழிமுகத்தில் இறாலும் நண்டும் மடவையும் பிடிக்கும் குடும்பங்கள் தலைமுறையாக இருக்கின்றன. சுற்றிலும் அனல்மின் நிலையம், சாம்பல் குட்டை, துறைமுகம், மணலித் தொழிற்சாலைகள். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்தது. வலை, படகு, அலையாத்தி வேர் எல்லாம் கருப்பு. அந்தச் சமயத்தில் நல்ல கடல்மீன் விற்றவர்களிடம்கூட யாரும் வாங்கவில்லை.

எண்ணெய் கொட்டினால் உணவில் பார்க்கவேண்டியது பி.ஏ.எச். என்ற பல்வளைய ஹைட்ரோகார்பன்கள். இதில் மீனும் மட்டியும் ஒன்றில்லை. மீனின் கல்லீரல் இவற்றைச் சீக்கிரம் உடைத்து வெளியே தள்ளிவிடும். மட்டி, ஆளி மாதிரி ஓட்டுயிரிகளுக்கு அந்தத் திறமை குறைவு; தண்ணீரை வடிகட்டித் தின்பவை என்பதால் சேர்த்துக்கொண்டே போகும். ஆகவே எண்ணெய் கொட்டிய செய்தி வந்தால், கழிமுகத்து மட்டியையும் ஆளியையும் முதலில் நிறுத்துங்கள், கடைசியில் தொடங்குங்கள். நண்டு வாங்கினால் ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சள் பழுப்புக் கொழுப்பை வழித்து எறிந்துவிடுங்கள். ருசி அங்கேதான், தெரியும்; காட்மியம் சேர்வதும் அங்கேதான். கடம்பாவின் குடலும் அப்படியே.

“எண்ணூர் மீனில் கன உலோகம்” என்று செய்தி வந்தால் பதறும் முன் மூன்று விஷயம் தேடுங்கள். எந்த உறுப்பு? ஆராய்ச்சியாளர்கள் கல்லீரலையும் செவுளையும் அளப்பார்கள், அங்கேதான் உலோகம் அதிகம் சேரும். நாம் தின்பது சதை. அடுத்தது, உலர்எடையா ஈரஎடையா? மீன் சதையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். காயவைத்து அளந்த எண், ஈரஎடைக்கு விதித்த சட்ட வரம்பைப் போல நான்கைந்து மடங்கு பெரிதாகத் தெரியும். ஒரு மாதிரியும் வரம்பைத் தாண்டாமலே தலைப்பில் பூதம் கிளம்பிவிடும். மூன்றாவது, எத்தனை மீன்? ஐந்து மீனை வைத்து ஒரு ஊரின் சோற்றை முடிவு பண்ண முடியாது. இந்த மூன்றும் பார்த்த பிறகும் எண் பெரிதாக இருந்தால் அப்போது பயப்படுங்கள். அந்த ஆற்றுக்காரர்கள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருப்பதும் அந்த மாதிரி ஒழுங்கான தொடர் ஆய்வைத்தான்.

நான்காம் படி: தண்ணீரும் ஐஸும்

காலராவின் ஓ139 என்ற புது வகை உலகத்துக்கு முதலில் தலைகாட்டியது 1992இன் கடைசியில், இதே மதராஸில். பழைய வகைக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தவர்களையும் அது விழத்தட்டியது. தொற்றுநோய் மருத்துவமனை தண்டையார்பேட்டையில் இருக்கிறது என்பதை நம் ஏரியா ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குழாயில் கலங்கல் வந்தால், மழைக்குப் பிறகு கழிவுநீர் வாடை வந்தால், ஃபில்டர் இருந்தாலும் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

ஐஸில் ஒரு சுலபமான அடையாளம் உண்டு. மீனையும் காயையும் குளிர்வைக்க மட்டும் செய்கிற ஐஸுக்கு நீல நிறம் சேர்க்கவேண்டும் என்பது 2018இல் வந்த விதி. தின்னும் ஐஸ் நிறமில்லாமல் இருக்கும். கரும்புச்சாறு வண்டியில், சர்பத் கடையில் பாறை மாதிரி ஐஸை உளியால் உடைத்துப் போட்டால் ‘ஐஸ் வேணாம்’ என்று சொல்லிவிடுங்கள். அது எந்தத் தண்ணீர் என்று விற்பவருக்கே தெரியாது.

ஐந்தாம் படி: மளிகை

பாரிமுனை, கொத்தவால் சாவடி, கோவிந்தப்ப நாயக்கன் தெரு பக்கம் போனால் விலையும் குறையும், சரக்கும் கண்ணால் பார்க்கலாம். எனக்கு அங்கே ஒரு விதி: பொடியாக வாங்காதே.

மஞ்சளில் லெட் குரோமேட் சேர்ப்பார்கள். பெயின்ட் மஞ்சளுக்குப் போடும் ஈயச் சேர்மம் அது. மங்கிப்போன விரலி மஞ்சளுக்குப் பாலிஷ் போடும்போது தூவினால் தங்கம் மாதிரி மின்னும். குழந்தைகளின் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. வங்கதேசத்தில் இதை 2019இல் ஆராய்ச்சியாளர்கள் வெளிக்கொண்டுவந்தார்கள். சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம். அரசு இறங்கி ஆலைகளைப் பிடித்து, வியாபாரிகளுக்கு விளக்கி, 2021இல் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. எனவே கண்ணைப் பறிக்கும் மஞ்சள் வேண்டாம். மங்கலான, மண்நிறம் படிந்த விரலி மஞ்சளாக வாங்கி, கழுவிக் காயவைத்து, மாவு மிஷினில் கொடுத்து அரையுங்கள்.

மிளகாய்த்தூளில் சூடான் சாயம், உணவில் தடைசெய்யப்பட்ட சிவப்பு. இந்திய மிளகாயில் அதைக் கண்டு 2003இல் ஐரோப்பா எச்சரிக்கை விட்டது. 2005இல் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான பொருட்களைக் கடையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். இதற்கும் அதே மருந்துதான்: முழு மிளகாய், மாவு மிஷின். வேர்க்கடலையில் பூசணம் பிடித்தது, சுருங்கியது, நிறம் மாறியது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். கசக்கிற கடலையை விழுங்காமல் துப்புங்கள். அஃப்ளடாக்சின் வறுத்தாலும் முழுதாகப் போகாது.

தண்ணீரில் போட்டு, அயோடின் சொட்டு விட்டு வீட்டில் செய்யும் சோதனைகள் வாட்ஸாப்பில் சுற்றும். பாலில் மாவு இருந்தால் அயோடின் நீலமாகும், உண்மைதான். பொடி அடியில் எப்படித் தங்குகிறது என்று பார்ப்பதும் பெரிய கலப்படத்தைக் காட்டலாம். ஆனால் ஈயமும் பூஞ்சை நஞ்சும் இவற்றில் அகப்படாது. டம்ளரில் தெளிவாக இருந்தது என்பதால் நல்ல மஞ்சள் ஆகிவிடாது.

ஆறாம் படி: தெருவில் சாப்பிடும்போது

பர்மா நூடுல்ஸான அத்தோவும் பீச் ஸ்டேஷனும் இல்லாமல் வடசென்னை வாழ்க்கை எதற்கு. சாப்பிடுங்கள். கூட்டம் உள்ள கடையில், கண்முன்னால் சூடாகப் போடுவதைச் சாப்பிடுங்கள். எண்ணெய் கருத்து, நுரை தள்ளி, புகை எழும்பிக்கொண்டே இருந்தால் நகர்ந்துவிடுங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில், அது கெடக் கெடச் சேரும் முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். தாண்டியதா என்று கடைக்காரர் பார்ப்பதில்லை. ரோஸ் பஞ்சு மிட்டாய் வேண்டாம். துணிக்குப் போடும் ரோடமின் பி சாயம் அதில் இருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதைத் தடைசெய்தது. வடையைப் பேப்பரில் வைத்து அழுத்தி எண்ணெய் பிழிகிற பழக்கத்தை விடுங்கள். அச்சு மையும் சேர்ந்தே ஒட்டும்.

ஏழாம் படி: வீட்டு அடுப்படி

மீனுக்கும் காய்க்கும் வேறு வேறு கட்டை, வேறு கத்தி. இறால், நண்டில் இயற்கையாகவே விப்ரியோ பாக்டீரியா இருக்கும், வெந்தால் செத்துவிடும். ஆனால் அதே கட்டையில் நறுக்கிய வெங்காயம் வேகாது.

வடித்த சோற்றைக் குக்கரிலேயே ராத்திரி வரை வைத்துவிட்டுத் தூங்குவதுதான் பேச்சிலர் வீடுகளில் நான் பார்க்கும் பெரிய தப்பு. பாசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்து கொதிநீரிலும் பிழைக்கும். சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்து நஞ்சு விடும், அந்த நஞ்சு மறுநாள் சூடுபண்ணினாலும் அழியாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் இரண்டு மணி நேரத்துக்குமேல் எதையும் விடாதீர்கள். பழைய சோறு பிடிக்கும் என்றால், ஆறிய கையோடு தண்ணீர் ஊற்றுங்கள்.

எட்டாம் படி: சந்தேகம் வந்தால், மாதிரி கொடுப்பது எப்படி

மேசையில் உட்கார்ந்து நான் திருப்பி அனுப்பியவை எத்தனையோ. ஒருவர் பாதி சாப்பிட்ட மீன்குழம்பைக் கேரி பேக்கில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தார். மூன்று நாள் பழசு. “இதுல என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க” என்றார். என்ன இல்லை என்று கேட்டிருந்தால்கூட எளிது. இன்னொரு அம்மா மஞ்சளில் ஈயம் பார்க்கவேண்டும் என்று வந்தார். மஞ்சளைச் செய்தித்தாளில் மடித்திருந்தார். ஈயம் வந்தால் மஞ்சளிலிருந்தா, மையிலிருந்தா? தப்பு அவர்மேல் மட்டும் இல்லை. போனில் அவருக்குப் பை எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லாமல் விட்டது நான்.

முதலில் எதைத் தேடுகிறீர்கள் என்று முடிவுபண்ணுங்கள். ‘எல்லாம்’ என்று ஒரு சோதனை கிடையாது. ஒவ்வொரு பொருளுக்கும் தனிக் கருவி, தனிக் கட்டணம். பிறகு ஆய்வகத்துக்குப் போன் போட்டு, அவர்களின் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்குத் தரச்சான்று தரும் தேசிய அமைப்பு) அங்கீகாரப் பட்டியலில் அந்தக் குறிப்பிட்ட சோதனை இருக்கிறதா, எவ்வளவு மாதிரி வேண்டும், எதில் போடவேண்டும், எத்தனை நாள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பாத்திரம் முக்கியம். உலோகம் பார்க்க என்றால் புதிய பிளாஸ்டிக் ஜிப் பை. எண்ணெய்க் கழிவு பார்க்க என்றால் கண்ணாடி, பிளாஸ்டிக் கூடாது. கிருமி பார்க்க என்றால் ஆய்வகம் கொடுக்கும் சுத்திகரித்த டப்பா, சுற்றிலும் ஐஸ், அன்றைக்கே கொண்டுபோகவேண்டும், உறையவைக்கக் கூடாது. ஹிஸ்டமினுக்கு நேர்மாறு: உறையவைத்தே கொண்டுபோகலாம். கடலை, மிளகாய் என்றால் ஈரம் கோக்காத காகிதப் பையோ துணிப்பையோ, அளவு தாராளமாக. அஃப்ளடாக்சின் மூட்டை முழுக்கப் பரவியிருக்காது. ஆயிரத்தில் ஒரு கடலையில் மொத்த நஞ்சும் ஒளிந்திருக்கும், உங்கள் கைப்பிடியில் அது வராமல் போகலாம். ஐரோப்பாவில் இறக்குமதிச் சரக்குக்கு 20 கிலோ வரை சேர்த்து எடுத்து அரைத்துத்தான் பார்க்கிறார்கள். நூறு கிராம் கொண்டுவந்து ‘இல்லை’ என்று எழுதி வாங்கிப்போய் நிம்மதியாகத் தூங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.

கடைமேல் நடவடிக்கை வேண்டுமென்றால் பாதை வேறு. நீங்களே வாங்கிச் சோதித்த ரிப்போர்ட்டைக் காட்டினால், “வீட்டுக்குக் கொண்டுபோய் நீங்களே எதையாவது கலந்திருப்பீங்க” என்பார்கள். 2006ஆம் வருடத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவு வாங்குபவருக்கே சோதிக்கும் உரிமை தருகிறது. ஆனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் “சோதனைக்கு அனுப்பப் போகிறேன்” என்று சொல்லியிருக்கவேண்டும். சரக்கு தப்பு என்று முடிவு வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அதைவிடச் சுலபம், உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் கொடுப்பது. 94440 42322 என்ற வாட்ஸாப் எண்ணிலோ ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியிலோ படம், கடை முகவரி, தேதி, பில்லோடு அனுப்புங்கள். அதிகாரி வந்து மாதிரி எடுத்தால் நான்கு பங்காகப் பிரித்து முத்திரை வைப்பார். பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தரவேண்டும்.

அறிக்கை கைக்கு வந்ததும் கடைசி வரியை மட்டும் பார்த்து மடித்து வைக்காதீர்கள். ‘கண்டறியப்படவில்லை’ என்று இருந்தால் பக்கத்தில் கண்டறியும் எல்லை என்று ஓர் எண் இருக்கும். அதற்குக் கீழே இருப்பது கருவிக்குத் தெரியாது. சட்ட வரம்பு பாலில் அஃப்ளடாக்சின் எம்1க்குக் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். கருவியின் எல்லையே 1 என்று போட்டிருந்தால், அந்த ‘இல்லை’க்கு நீங்கள் கட்டிய பணம் தண்டம். அப்படி இருந்தால் திரும்பிப்போய் மேசையில் இருப்பவரிடம் கேளுங்கள். நான் இருந்தபோது அப்படிக் கேட்டவர்கள் இரண்டே பேர். இரண்டு முறையும் மாதிரியை மறுபடி உள்ளே அனுப்பினேன்.